பஸ் வாங்கினால் போதுமா, ஓட்ட ஆள் நிற்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் பக்கத்தில் அல்சூர்க்காரர் ஒருவர் நம் பி.எம்.டி.சி.யை, அதாவது பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தை, வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். பஸ் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் நிறுத்தத்தில் நிற்காமல் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறது, கண்டக்டர்கள் எரிந்து விழுகிறார்கள், கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றியும் இதே லட்சணம்தானா என்று கேட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதியை நானும் தினம் படுகிறேன், மறுக்கப் போவதில்லை. ஆனால் கடைசியில், இந்த அழகுக்கு இவர்களுக்குச் சம்பளம் வேறு ஏற்ற வேண்டுமா என்று முடித்திருந்தாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

நான் பி.எம்.டி.சி. ஊழியன் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பல வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். ஆள் எப்போது வேலையை விட்டுப் போகிறான் என்பது முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் பட்டியல் போடுகிறவனுக்குத் தெரிந்துவிடும். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவன் போகமாட்டான். முணுமுணுப்பான், கேன்டீனில் கத்துவான், ஆனால் போகமாட்டான், கிராஜுவிட்டி, பி.எஃப்., சொசைட்டி கடன், பிள்ளையின் கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் எல்லாமாகச் சேர்ந்து அவனை உட்கார வைத்துவிடும். போகிறவன் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் போகிறவன்தான். அதனால் எங்கே சம்பளம் திருத்தினாலும் நான் முதலில் பார்ப்பது அடிமட்டத்தை. புதிதாக வருகிறவனுக்கு என்ன கிடைக்கிறது, அது எப்போது கிடைக்கிறது என்பதை. பி.எம்.டி.சி.யில் யாரும் பேசாத விஷயம் அதுதான்.

நடந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலருக்கு ஸ்ட்ரைக் நடந்தது மட்டும்தான் ஞாபகம், எதற்காக என்பது மறந்து போயிற்று. கர்நாடகத்தில் இருக்கும் நான்கு போக்குவரத்துக் கழகங்களிலும் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை சம்பளத்தைத் திருத்துவது வழக்கம். அந்தக் கணக்கில் 2020 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து ஒரு உயர்வு வந்திருக்க வேண்டும். கொரோனா வந்தது, சரி, அந்த வருஷத்தை விட்டுவிடுவோம். 2020 டிசம்பரில் எங்களை அரசு ஊழியர்களாக அறிவியுங்கள் என்று கேட்டு நாலு நாள் பஸ்ஸை நிறுத்தினார்கள். 2021 ஏப்ரலில் அரசு ஊழியர்களுக்கான 6-வது சம்பளக் கமிஷன்படி எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டு இரண்டு வாரம் நிறுத்தினார்கள். உயர்வு வரவில்லை, டிஸ்மிஸ் உத்தரவும் இடமாற்றமும்தான் வந்தன. புதிதாகச் சேர்ந்து பயிற்சியில் இருந்த பையன்கள்தான் அதில் முதலில் மாட்டியவர்கள். அப்புறம் சட்டமன்றத் தேர்தல் வாசலில் வந்து நின்ற 2023 மார்ச்சில் 15 சதவீதம் அறிவித்தார்கள். இடைப்பட்ட 38 மாதத்துக்கு அரியர்ஸ் எங்கே என்று கேட்டால் கமிட்டி, ஆலோசனை, நிதி நிலைமை. இதற்கிடையில் 2024 ஜனவரி வந்தது, அடுத்த திருத்தத்துக்கும் நாள் ஆகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 5-ம் தேதி மறுபடியும் நான்கு கழகங்களிலும் ஸ்ட்ரைக், அத்தியாவசியப் பணிகளில் ஸ்ட்ரைக்கைத் தடுக்கும் எஸ்மா சட்டம், உயர் நீதிமன்றம் தலையிட்டு அன்றைக்கே வாபஸ்.

அரியர்ஸ் என்ற வார்த்தையைச் சாதாரணமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு ஆளின் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாய் பேசிக் வாங்குகிற ஒருவருக்கு 15 சதவீதம் என்றால் மாதம் 3,000. 38 மாதத்துக்கு 1,14,000. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் பேசிக்கின் மேல்தான் கணக்காகும், அதையெல்லாம் சேர்க்காமலே இவ்வளவு. அந்த மூன்று வருஷத்தில் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றாமல் இருந்தாரா, பள்ளிக்கூடத்தில் பீஸை நிறுத்தி வைத்தார்களா? அவன் வெளியே கடன் வாங்கி ஓட்டியிருப்பான். வட்டி அவன் தலையில். நான் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப் போனாலே எத்தனை பேர் புது வேலை தேட ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே வருஷக் கணக்கில் தள்ளிவிட்டு ஆள் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறார்கள்.

அரசு ஊழியர்களோடு ஒப்பிட்டால் இந்த வயிற்றெரிச்சல் இன்னும் நன்றாகப் புரியும். 7-வது மாநிலச் சம்பளக் கமிஷன் 27.5 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தது, 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. மிகக் குறைந்த பேசிக் 17,000-லிருந்து 27,000 ஆனது. 2024-ல் பி.எம்.டி.சி. 2,500 கண்டக்டர் வேலைக்கு அறிவிப்புக் கொடுத்தபோது போட்ட ஸ்கேல் 18,660-லிருந்து 25,300. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை, அரசு பேசிக்கில் அகவிலைப்படி சேர்ந்துவிட்டது, கழகத்தில் அது தனியாக வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் வேலை தேடுகிற 24 வயதுப் பையன் இந்த நுணுக்கமெல்லாம் பார்ப்பானா? ஒரு பக்கம் 27,000, இன்னொரு பக்கம் 18,660, அதற்கும் முன்னால் பயிற்சிக் காலம் முழுக்க அதைவிட வெகு குறைவான உதவித்தொகை என்றுதான் பார்ப்பான். அதோடு நம் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயக் கன்னடத் தாளிலும் தேற வேண்டும். தேறட்டும், இந்த ஊரில் கண்டக்டர் வேலைக்குக் கன்னடம் வேண்டாமா? ஸ்ரீராமபுரத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் படித்துத் தேறி, லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் எடுத்து, பரீட்சை எழுதி, ரிசல்ட்டுக்கும் ஆர்டருக்கும் காத்திருந்து உள்ளே போகிறவன் கையில் கிடைப்பது உணவு டெலிவரி செய்யும் பையன் சம்பாதிப்பதைவிடக் குறைவு என்றால், போஸ்ட் ஆபீஸ், ரயில்வே, போலீஸ் எதில் அடுத்த கடிதம் வருகிறதோ அதில் போய்விடுவான். போகவும் செய்கிறார்கள்.

இங்கே சதவீதத்தில் ஒரு சூது இருக்கிறது. எல்லோருக்கும் 15 சதவீதம் என்றால் சமமாகக் கொடுத்த மாதிரி தெரியும். 20,000 பேசிக்காரனுக்கு 3,000, 40,000 பேசிக்காரருக்கு 6,000. போகவே போகாத ஆளுக்கு இரண்டு மடங்கு, நாளைக்கே போகக்கூடிய ஆளுக்குப் பாதி. சீனியர்களுக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து முதுகு போனவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆள் எடுக்கவும் எடுத்த ஆளை நிறுத்தி வைக்கவும்தான் சம்பளத்தைத் திருத்துகிறோம் என்றால், முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தனித் தொகை, சதவீதம் இல்லாமல் ரூபாயாகவே வைக்க வேண்டும். சங்கங்கள் இதைப் பேசாது. கூட்டத்துக்கு வருகிறவர்களும் சந்தா கட்டுகிறவர்களும் சீனியர்கள்தான். அங்கீகாரத் தேர்தலே எத்தனையோ வருஷமாக நடக்காமல் கிடக்கிறது, அப்புறம் ஆளுக்கொரு சங்கம், ஒரு தரப்பு முதலமைச்சரைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னொரு தரப்பு வெளியே நின்று துரோகி என்கிறது. நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வேலை எப்படிப்பட்டது என்பதையும் அல்சூர்க்காரர் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சிவாஜிநகரில் யஷ்வந்தபூர் பஸ் ஏறிப் பாருங்கள். ரசல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிய பைகளோடு பெண்கள் ஒரு கும்பலாக ஏறுவார்கள். கண்டக்டர் முழங்கையை மேல்கம்பியில் மாட்டிக்கொண்டு, டிக்கெட் மெஷினை நெஞ்சோடு அணைத்து, கட்டைவிரலால் நிறுத்தத்தை மாற்றி மாற்றிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வருவார். வாயில் விசில். பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் சக்தித் திட்டம் 2023 ஜூன் 11-ல் வந்ததிலிருந்து பெண்களிடம் காசு வாங்க வேண்டாம், ஆனால் சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், அந்தச் சீட்டுக் கணக்கை வைத்துத்தான் அரசாங்கம் கழகத்துக்குப் பணம் தருகிறது. ஒரு அம்மா சீட்டு வாங்காமல் உட்கார்ந்திருக்கும்போது செக்கிங் ஏறிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். ஆதார் காட்டுங்கம்மா என்று கேட்டால், நான் தினமும் வருகிறவள், என்னைத் தெரியாதா என்று ஒரு சண்டை. ஆண்கள் பக்கம் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுகிறவர்கள், நெட்வொர்க் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும், பணம் போயிற்று, வந்ததா என்று பார்த்துச் சொல்வதற்குள் மேக்ரி சர்க்கிள் வந்துவிடும், அங்கே இன்னொரு கும்பல். இதெல்லாம் முடித்து இறங்கும்போது கடைசிப் படியில் ஒருவர் மீதி இரண்டு ரூபாய் கேட்பார். சிடுசிடுப்பது சரி என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்னால் சிரித்துக்கொண்டு நிற்க முடியாது, அவ்வளவுதான். சக்தித் திட்டத்தைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அதனால் மாதம் ஒரு தொகை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் கூட்டம் ஏறிய அளவுக்குக் கண்டக்டரின் வேலை ஏறியதே, அதற்கு யாராவது ஒரு ரூபாய் கூட்டினார்களா?

டிரைவர்கள் விஷயம் வேறு மாதிரி, இன்னும் மோசம். பி.எம்.டி.சி.யில் இருக்கும் டிரைவர், கண்டக்டர்களில் நிறையப் பேர் வட கர்நாடகத்து ஆட்கள், விஜயபுரா, பாகல்கோட், கலபுர்கி பக்கத்தவர்கள். குடும்பம் ஊரில், இவர் டிப்போவுக்குப் பக்கத்தில் நாலு பேரோடு ஒரு ரூமில். காலை ஐந்து மணிக்கு முதல் பஸ் எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில்தானே இருக்க முடியும், அந்த நேரத்தில் அவரை டிப்போவுக்குக் கொண்டுவர யார் பஸ் விடுவார்கள்? பெங்களூரு வாடகைக்குக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அதனால் சேர்ந்த நாளிலிருந்தே ஊர்ப் பக்கக் கழகத்துக்கு மாற்றல் கேட்டு மனுவோடு அலைவார். இவரை வேலையை விட்டுப் போனவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் மனசளவில் போய்விட்டவர்தான். விஜயபுராவில் கிடைக்கிற சம்பளத்தையே பெங்களூருவிலும் ஏறக்குறைய வாங்கிக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலில் எட்டு மணி நேரம் கிளட்சை மிதிக்கச் சொன்னால் யார் இருப்பார்? பெங்களூரு என்ற ஊருக்கென்று தனியாக ஒரு படி, பெயருக்கு இல்லாமல் வாடகைக்குக் காணும்படி ஒரு படி இருந்தால் இந்த மனுக்களில் பாதி நின்றுவிடும். பெண் டிரைவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஷிப்ட் முடிகிற நேரம், கழிப்பறை, குழந்தையை விட இடம் எதையும் யோசிக்காமல் பெண்கள் வரவில்லை என்றால் எப்படி வருவார்கள்?

இதற்கு மேல் எலக்ட்ரிக் பஸ். நிறையப் பேருக்குத் தெரியாத சங்கதி இது. அந்த ஏ.சி. இல்லாத நீண்ட எலக்ட்ரிக் பஸ்ஸில் கண்டக்டர் மட்டும்தான் பி.எம்.டி.சி. ஆள். பஸ்ஸும் டிரைவரும் ஒப்பந்தக் கம்பெனியுடையவை, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன், தர்மபுரிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம், ஹெவி லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கழகத்தில் டிரைவருக்கு ஆள் எடுப்பார்கள் என்று காத்திருந்தான். வயது ஏறிக்கொண்டே போகவும் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்தான். சேரும்போது சொன்ன சம்பளம் ஒன்று, பிடித்தம் போகக் கைக்கு வந்தது வேறு. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் அவன் கணக்கில், பின்னால் எவனோ ஆட்டோக்காரன் உரசினாலும் அவன் கணக்கில். லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. ஒரே பஸ்ஸில், ஒரே ஷிப்டில், பின்னால் விசில் ஊதுகிறவருக்கு கழகச் சம்பளம், கழக லீவு, சங்கம். முன்னால் அறுபது எழுபது உயிரைச் சுமந்துகொண்டு ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த தீபாவளி வருவதற்குள் அதை விட்டுவிட்டு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் டெம்போ டிராவலருக்குப் போய்விட்டான். கேட்டால், பணம் கொஞ்சம்தான் கூடுதல் மாமா, ஆனா ஒண்ணாம் தேதி வந்துடுது என்றான்.

அவன் இடத்துக்கு வந்தவனுக்கு வழி தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு, லெப்ட் எடு, இங்கே ஸ்டாப் இருக்கு நிறுத்து என்று சொல்லிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். அல்சூர்க்காரர் எழுதிய, நிறுத்தத்தில் நிற்காமல் பத்தடி தள்ளி நிற்கும் பஸ்ஸில் சில இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பெங்களூருவுக்கு 4,500 எலக்ட்ரிக் பஸ் ஒதுக்கியிருக்கிறார்கள், எல்லா ஊர்களையும்விட நமக்குத்தான் அதிகம். இப்போது கழகத்தில் ஓடுவதே சுமார் 7,000 பஸ். அத்தனையும் இதே முறையில் வந்தால், நாளைக்கு நகரத்து டிரைவர்களில் பெரும்பகுதி கழகத்தின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள். அப்புறம் பி.எம்.டி.சி. சம்பளத்தைத் திருத்திவிட்டோம் என்று விழா எடுத்தால் ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு அதில் என்ன இருக்கும்? டெண்டரில் யார் கிலோமீட்டருக்குக் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் கிடைக்கும். பேட்டரி விலையைக் குறைக்க முடியாது, வங்கி வட்டியைக் குறைக்க முடியாது, கையை வைக்க முடிந்த ஒரே இடம் டிரைவர் சம்பளம். அதனால் டெண்டரிலேயே, டிரைவருக்கு இதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், கழகம் சம்பளம் திருத்தும்போது இதுவும் கூட வேண்டும், மாதம் இந்தத் தேதிக்குள் வங்கியில் போட்ட ரசீது காட்டினால்தான் பில் பாஸாகும் என்று எழுதிவிட வேண்டும். நான் இருந்த கம்பெனியில் காவலாளி கான்ட்ராக்டருக்கே இப்படி ஒரு விதி வைத்திருந்தோம், பி.எஃப். சலான் இல்லாமல் பில் நகராது. ஒரு சின்னக் கம்பெனியால் முடிந்தது அரசாங்கத்தால் முடியாதா?

சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலிருந்து எலக்ட்ரிக் பஸ்கள் இதே முறையில்தான் தொடங்கின. அங்கேயும் போக்குவரத்து ஊழியர்களின் 15-வது ஊதிய ஒப்பந்தம் இழுத்தடித்து 2025 மே மாதம்தான் கையெழுத்தானது, 6 சதவீத உயர்வு.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கழகத்தில் கட்டணத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 2015 ஜனவரியில் ஏற்றியதற்குப் பிறகு 2025 ஜனவரி 5-ம் தேதிதான் மறுபடி ஏற்றினார்கள். பத்து வருஷம். டீசல் ஏறியது, சம்பளச் செலவு ஏறியது, கட்டணம் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் நடுவில் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு தேர்தல். அப்புறம் ஒரே அடியாக 15 சதவீதம் போட்டபோது அல்சூர்க்காரருக்கும் எனக்கும் வலித்தது. வருஷா வருஷம் ஒரு ரூபாய் அரை ரூபாயாக ஏறியிருந்தால் இந்தச் சத்தமே வந்திருக்காது. சம்பளத்திலும் அதே நோய்தான், தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு மலையாக்கிவிட்டு, பிறகு மலையைக் காட்டிப் பணம் இல்லை என்பது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு முறை தானாகக் கணக்காகிறது, யாரும் அதற்காகச் சுதந்திரப் பூங்காவில் பந்தல் போட வேண்டியதில்லை. கழகச் சம்பளத் திருத்தத்துக்கும் இப்படி ஒரு தேதியைக் கட்டிவிட்டு, அந்தத் தேதிக்குள் பேச்சு முடியாவிட்டால் ஒரு இடைக்கால உயர்வு தானாக வரும் என்று எழுதிவிட்டால் போதும். சக்தித் திட்டத்துக்குக் கழகங்களுக்குத் தர வேண்டிய பணத்தையும் பாக்கி வைக்காமல் அந்தந்த மாதம் கொடுத்துவிட வேண்டும், அரசாங்கமே கடன்காரனாக இருந்துகொண்டு கழகத்தை நஷ்டம் நஷ்டம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளியே தனியார் பஸ் டிரைவர் இதைவிடக் குறைவாக வாங்குகிறார், அவர் ஓட்டவில்லையா என்று கேட்கிறார்கள். ஓட்டுகிறார். தனியார் பஸ்கள் கிளம்புகிற கலாசிப்பாளையத்தில் போய்க் கேளுங்கள், ஒரு கம்பெனியில் எத்தனை மாதம் இருப்பார் என்று. தனியாருக்கு ஆள் மாறினால் கவலையில்லை, ட்ரிப் போகாவிட்டால் அன்றைக்கு வருமானம் போகும், அவ்வளவுதான். தினமும் நாற்பது லட்சத்துக்கு மேல் ஜனம் நம்பி நிற்கிற கழகம் அப்படி இருக்க முடியாது. டிரைவர் வரவில்லை, ட்ரிப் கேன்சல் என்றால் நிறுத்தத்தில் நிற்கிற அம்மாவுக்கு அன்றைய கூலி போகிறது.

ஓய்வூதியம் பற்றி ஒரு வரி. கழக ஊழியர்கள் இ.பி.எஸ். 95 என்ற பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறவர்கள். 2014-ல் வைத்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் கணக்குப் போட்டால், 35 வருஷம் பஸ் ஓட்டியவருக்கு மாதம் 7,500-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு காலத்தில் இங்கே பி.டி.எஸ்.ஸில், பி.எம்.டி.சி.க்கு முன்பிருந்த நகர பஸ் சர்வீஸில், வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள், எங்கள் பெரியப்பா வீட்டிலேயே நடந்தது. ரஜினி கண்டக்டராக இருந்த ஊர் என்று இன்றைக்கும் நாம்தான் வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறோம், 2023-ல் அவர் ஜெயநகர் டிப்போவுக்கு வந்தபோது எங்கள் தெருவே போனில் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. (அவரும் சில வருஷத்திலேயே வேலையை விட்டவர்தான், அது வேறு கதை.) இன்று அதே தெருவில் கண்டக்டர் பரீட்சை எழுதச் சொன்னால், எதுக்கு மாமா, ஸ்ட்ரைக் பண்ணித்தான் சம்பளம் வாங்கணுமா என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கடைசியாக ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போக்குவரத்து அமைச்சரையோ பி.எம்.டி.சி. மேலாண்மை இயக்குநரையோ உங்கள் நிருபர் அடுத்த முறை பார்க்கும்போது, எத்தனை புது பஸ் வருகிறது என்று கேட்க வேண்டாம், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் சேர்ந்த டிரைவர், கண்டக்டர்களில் எத்தனை பேர் இரண்டு வருஷம் முடிவதற்குள் போனார்கள், டிப்போ வாரியாக எவ்வளவு, எலக்ட்ரிக் பஸ் ஒப்பந்தக் கம்பெனி டிரைவர்கள் சராசரியாக எத்தனை மாதம் நிற்கிறார்கள், டிரைவர் இல்லாமல் மாதம் எத்தனை ட்ரிப் கேன்சல் ஆகிறது என்று கேளுங்கள். கையில் கணக்கு இல்லை என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் சாந்திநகர் தலைமை அலுவலகத்துக்கு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான், வேண்டுமானால் நான் தருகிறேன். வருகிற பதிலை அப்படியே அட்டவணையாகப் போடுங்கள், அல்சூர்க்காரரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு